தேனீக்குப் போன சீனி

ஐப்பசி 18, திங்கள்

இன்று ஜெயித்துவிட்டேன். இதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

புரட்டாசியில் கடைசித் தேன் எடுத்ததிலிருந்து மாமனாருக்கு ஒரே பேச்சுதான். "மழைக்கு அம்புட்டுப் பூச்சியும் ஓடிரும். போன வருசம் போயிருச்சுல்ல?" போனது உண்மைதான். அப்போது தேனடைகளைப் பிழிந்து எறிந்துவிட்டோம், மழையில் ஈக்களுக்குத் தின்ன ஒன்றுமில்லை. இந்த முறை காலி அடைகளை மரச் சட்டத்தோடு தேன்பெட்டியிலேயே திருப்பி வைத்தேன். ரேஷனில் என் பங்குக்கு வந்த சீனியைக் கரைத்து, ஈ மூழ்காமலிருக்க வைக்கோல் போட்டு, கொட்டாங்குச்சியில் தினமும் பெட்டிக்குள் வைத்தேன். மாமாவின் பங்கிலும் கொஞ்சம் எடுத்தேன்.

இன்று காலை மழை விட்டதும் அவரைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறந்தேன். நடுச் சட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புது அடை, வெள்ளை வெளேரென்று. அறைக்கு ஒன்றாக ராணி ஈ இட்ட முட்டை.

மாமா குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கொட்டாங்குச்சியில் விரலை விட்டு நக்கினார்.

"ஏத்தா, என் காப்பி கசந்தது இதுக்குத்தானா?"

"ஆமா மாமா."

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்" என்று சிரித்தார்.

சாயங்காலம் மார்க்கையன்கோட்டையிலிருந்து அவர் தம்பி வந்திருந்தார். "எங்க பூச்சி ஓடல, அங்கன போய்ப் பாரு, புது அடை கட்டியிருக்கு. நாங்க சீனி வச்சோம்ல!" என்று மாமா சொல்வது அடுப்படி வரை கேட்டது.

நாங்களாம்! புகைக்குள் நின்று தனியாகச் சிரித்தேன்.