சேலை போன வழி

டிசெம்பர் 2, திங்கள்

இன்றைக்கு ஏழு சட்டை முடித்தேன். நத்தார்ப் பண்டிகை வந்தால் இந்த யாழ்ப்பாணத்துக் குருநகரில் முதலில் களைப்பது என் மெசின், இரண்டாவது நான். பேஸ்புக்கில் கடை தொடங்கி மூன்று வருடம். இந்த நத்தாருக்கு மட்டும் நாற்பத்தொரு ஓடர்!

கனடாவில் இருக்கும் ரொறன்ரோ அற்புதராணி அக்காவின் பிள்ளைக்கு ஞானஸ்நான உடுப்பும் தைத்தாயிற்று. அக்காவை நான் நேரில் கண்டதில்லை. காலமான தன் தாயின் கல்யாணச் சேலையை எனக்கு அனுப்பி, அதை வெட்டித் தைக்கச் சொன்னவர். தொண்ணூற்றைந்துச் சண்டையில் ஊரே இடம்பெயர்ந்தபோது அந்தத் தாய் பிஸ்கற் ரின்னுக்குள் வைத்துக் கொண்டோடிய சேலை. பிள்ளைக்கும் அவருடைய பெயர்தான். ஞானஸ்நானம் 29ஆம் திகதி, ஞாயிறு.

டிசெம்பர் 3

அனுப்பிவிட்டேன். மற்றப் பார்சல்கள் பிளாஸ்டிக் பையில் போகும். இதற்கு மட்டும் வெள்ளைத் துணியில் உறை வெட்டி, சுற்றிவர நெருக்கமாகத் தைத்தேன். பெறுமதியான சாமான் வெளிநாட்டுக்குப் போனால் எங்கள் வீட்டில் அப்படித்தான் கட்டுவோம். வெட்டி மிஞ்சிய துணி எல்லாம் உள்ளே. ஒரு சாணும் என்னிடம் வைத்துக்கொள்வதில்லை.

கூரியர் கந்தோரில் இருந்த பிள்ளை ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, “பத்து நாளிலை போயிடும் அக்கா” என்றாள்.

டிசெம்பர் 9

மழை. போனில் பார்த்தால் ‘கொழும்பு வந்தடைந்தது’ என்று நிற்கிறது. நேற்றும் அதே, முந்தநாளும் அதே.

டிசெம்பர் 12

அதே.

உள்ளூருக்கு அனுப்பியவையும் போய்ச் சேரவில்லை. நத்தார்க் கால நெரிசலாம். என் மனுசன் றோய் கடலால் வந்து, வலையை உலர விட்டுவிட்டுச் சொல்கிறார்: “ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாதை. கேட்டா, வருது எண்டு சொல்லு.” இவருக்கு என்ன, மீன்களா வந்து கேட்கப்போகின்றன?

எனக்கு அப்படி இருக்க ஏலாது. உள்ளூரில் சேராத இருபத்தாறு பேருக்கும் எழுதினேன். ‘உங்கள் பார்சல் எங்கே நிற்கிறது என்று எனக்கும் சரியாகத் தெரியாது. நத்தாருக்கு முன் வருமென்று சத்தியம் பண்ண மாட்டேன். வேண்டாமென்றால் காசைத் திருப்பித் தருவேன்.’ அனுப்பிவிட்டு போனைக் குப்புற வைத்தேன்.

டிசெம்பர் 13

ஏச்சு விழுமென்றுதான் எடுத்துப் பார்த்தேன். ஒரேயொருவர் ஏசியிருந்தார், அதுவும் நியாயமான ஏச்சு. மன்னாரிலிருந்து ஒரு தாய்: “பிள்ளைக்குப் போன வருசத்துச் சட்டை கிடக்கு. நீங்கள் சாப்பிட்டீங்களோ?” முகம் தெரியாத ஒருத்தி, காசும் கட்டிவிட்டு, நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறாள். மூன்று தரம் வாசித்தேன். இப்படியும் மனிதர் இருக்கிறார்களா?

அற்புதராணி அக்காவுக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. பயம்.

டிசெம்பர் 14

சொல்லிவிட்டேன். அக்காவுக்கே போன் எடுத்தேன். காசைத் திருப்பித் தருகிறேன் என்று நான் தொடங்க, “காசைப் பற்றிக் கதையாதை தங்கச்சி. அதை விரிச்சா இன்னும் அம்மான்ரை மணம் வரும்” என்றார். பிறகு அழுதார்.

ஐயோ, நான் ஏன் அதை வெட்டினனான்? ஏன் ஓம் எண்டு சொன்னனான்? அந்தோனியாரே, ஊரிலை துலைஞ்ச திறப்பெல்லாம் எடுத்துக் குடுக்கிறீர், அந்த உடுப்பைக் கண்ணிலை காட்ட மாட்டீரோ!

டிசெம்பர் 17, செவ்வாய்

கொழும்பு. காலையில் பஸ்ஸால் இறங்கி நேரே கூரியர்காரரின் களஞ்சியத்துக்குப் போனேன். வாசலில் கெஞ்சிக் கூத்தாடித்தான் உள்ளே விட்டார்கள்.

கதவைத் தாண்டியதும் கால் நின்றுவிட்டது. கூரை முட்டப் பார்சல். பெட்டி, பை, மூட்டை, சைக்கிள் சில்லு, தொட்டில், ஒரு கிற்றார். கேக் மணக்கிறது, கருவாடு மணக்கிறது, மிளகாய்த்தூள் மூக்கில் ஏறுகிறது. இவ்வளவு பேரா இவ்வளவு பேரை நினைத்து எதையாவது கட்டி அனுப்புகிறார்கள்? சண்டை பிடிக்கத்தான் போனேன். கோயிலுக்குள் நுழைந்ததுபோல் சத்தம் போட வாய் வரவில்லை.

ஒரு சிங்களத் தம்பி, பெயர் கேட்க மறந்துபோனேன், மூலையில் இருந்த ஒரு குவியலைக் காட்டினான். “அக்கா, இது எல்லாம் ஸ்டிக்கர் இல்லாதது. யார் சாமான், எங்க போறது, தெரியாது.” இரண்டு மணித்தியாலம் அவனும் என்னோடு குனிந்து கிளறினான். கடைசியில் அடியில் கிடந்த ஒரு வெள்ளை மூலை. என் தையல் எனக்குத் தெரியாதா!

அவன் உறையைத் தடவிப் பார்த்துச் சிரித்தான். “துணியில ஒட்டாது அக்கா. மழைக்கு நனைஞ்சா கழண்டுடும். பிளாஸ்டிக் பையில போட்டிருந்தா போயிருக்கும்.”

மற்ற எல்லாவற்றையும்விடக் கவனமாகக் கட்டியது இதைத்தான். அந்தக் கவனம்தான் இதை இங்கே கிடத்தியது. மேலே பேனையால் விலாசமாவது எழுதினேனா? இல்லை, தையலின் வடிவு கெட்டுவிடுமாம்! நிலத்திலேயே குந்தியிருந்து அழுதேன். அந்தத் தம்பி தேத்தண்ணீர் வாங்கித் தந்தான்.

இனி அனுப்பினால் ஜனவரியில்தான் போகுமாம். மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வருகிறேன்.

டிசெம்பர் 18

பங்குக் கோயில் வாட்ஸ்அப் குறூப்பில் போட்டேன்: ‘29க்கு முதல் ரொறன்ரோ போறவை ஆரும் இருக்கினமோ?’ அது எத்தனை குறூப் தாவியதோ தெரியாது. பின்னேரம் ஓர் அழைப்பு. “பிள்ளை, நான் பண்டத்தரிப்பிலை இருந்து பத்மாவதி கதைக்கிறன். இருபத்தேழாம் திகதி மகளிட்டைப் போறன். கொண்டந்து தாரும்.” அவ்வளவுதான். நீர் ஆர், எந்த ஊர், ஒன்றும் கேட்கவில்லை.

டிசெம்பர் 20

பண்டத்தரிப்புக்குப் போய்வந்தேன். நெற்றி நிறையத் திருநீறு, அறுபத்தைந்து வயதிருக்கும். “பிரிச்சுப் பாருங்கோ அன்ரி. என்ன ஏது எண்டு தெரியாமல் கொண்டுபோகக் கூடாது” என்றேன். “ஓம், பாக்கத்தான் வேணும்” என்று தையலை வெட்டி, உடுப்பை விரித்தார். நான் கதையைச் சொன்னேன். சேலைக் கரையை விரலால் தடவினார்.

பெரிய பெட்டி சரியாக இருபத்துமூன்று கிலோ, பிளேனில் அதற்கு மேல் விடமாட்டார்கள். கைப்பையும் நிறைந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து தன் கம்பளிச் சுவெற்றரை இழுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் உடுப்பை வைத்தார்.

“அன்ரி, அங்கை பனி கொட்டுதாம்!”

“மகள் ஏதும் கொண்டுவருவாள். இது பெட்டிக்குள்ளை போகாது பிள்ளை, என்னோடை போகும்.”

அந்தச் சுவெற்றர் கட்டிலில் கிடந்த கிடையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

டிசெம்பர் 25

பூசையில் என் சட்டைகள் நான்கைக் கண்டேன். மன்னார்ப் பிள்ளைக்கும் நேற்றுக் கிடைத்துவிட்டதாம், படம் வந்தது. மற்றவை ஒவ்வொன்றாகப் போய்ச் சேருகின்றன. மனம் மட்டும் பண்டத்தரிப்பில்.

டிசெம்பர் 28

பனியால் பிளேன் இடையில் எங்கோ நிற்கிறது. அக்கா எழுதினார்: “வராட்டில் வேறை உடுப்பு இருக்கு. நீ யோசியாதை.” யோசிக்காமல் இருக்க முடிகிறதா? றோய் இரண்டு தரம் எழும்பிப் போன் பார்த்தார். ஒன்றும் சொல்லாதே என்ற மனுசன்.

டிசெம்பர் 30, திங்கள்

காலையில் வீடியோ வந்திருந்தது.

கோயில் நிறையச் சனம். பாட்டு முடிகிறது, திரும்பவும் அதே பாட்டைத் தொடங்குகிறார்கள். சுவாமியார் ஞானஸ்நானத் தொட்டியடியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஐம்பது நிமிடம் அப்படிக் காத்திருந்தார்களாம். பிறகு கதவு திறக்கிறது. யாருடையதோ பெரிய ஜக்கெற்றைப் போர்த்திக்கொண்டு, விமான நிலையத்திலிருந்து நேரே, பத்மாவதி அன்ரி. திருநீறு கலையவில்லை. கைப்பையை மகளிடம்கூடக் கொடுக்காமல் நடுவால் நடந்து வருகிறார். சனம் எழும்பி வழி விடுகிறது.

அற்புதராணி அக்கா உடுப்பை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டார். மணந்துதான் பார்த்திருப்பார்.

பிள்ளைக்கு உடுத்தினார்கள். கை கொஞ்சம் நீளம். பரவாயில்லை, வளரும்.

நானும் றோயும் அதை எத்தனை தரம் பார்த்தோம் என்று எண்ணவில்லை. ஆண்டவரே, ஒருவரையொருவர் தெரியாத இத்தனை பேர்!

ஜனவரி 6

கடைப் பக்கத்தில் போட்டேன்: ‘நத்தாருக்கான வெளிநாட்டு ஓடர் நவம்பர் 10உடன் முடியும். பழைய சேலை அனுப்புபவர்கள் ஓகஸ்டிலேயே அனுப்பவும்.’

ஜனவரி 27, திங்கள்

பத்மாவதி அன்ரியின் மகன் கோகுலன் வந்தார். அம்மா ரொறன்ரோவிலிருந்து சொன்னாராம், அலுமாரியைத் திறந்து எடுத்துக் கொடுக்கச் சொல்லி. அவர் கல்யாணத்துக்குக் கட்டிய சிவப்புக் கூறைச்சேலை. அங்கே இருக்கும் பேத்திக்கு முதலாவது பிறந்தநாள் ஆடியில் வருகிறது. அதற்குச் சட்டை தைக்க வேண்டுமாம்.

உடனே அழைத்தேன். “அன்ரி, கூறையை வெட்டக்கூடாது எண்டு உங்கடை ஆக்கள் சொல்லுவினமெல்லோ?”

“சொல்லுவினம்தான். நீர் வெட்டும்.”

“உங்களுக்குப் பயமில்லையோ?”

“நீர் என்னை ஆரெண்டு தெரிஞ்சோ அண்டைக்குத் தந்துவிட்டனீர்?” என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, “போஸ்ற்றிலை மட்டும் போட்டிடாதையும் பிள்ளை” என்றார்.

மேசையைத் துடைத்துக் கூறையை விரித்தேன். காலையிலிருந்து மூன்று தரம் அளந்துவிட்டேன். இன்னும் வெட்டவில்லை.