நாக்கில் வைக்காத தேன்

பழனி,
14-9-61

அன்பு மகள் தமயந்திக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் சுகம், மனசைப் பற்றி இனிமேல்தான் எழுதவேண்டும். ஜாம்ஷெட்பூரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை லீலாவும் சுகமாக இருக்க முருகன் துணை. லீலாவுக்குச் சளி விட்டதா, தலையில் துணி கட்டாமல் வெளியே விடாதே.

போன மாதம் நம் கடைக்குப் புட் இன்ஸ்பெக்டர் வந்தார். அடிவாரத்தில் ஒவ்வொரு கடையாக நெய், எண்ணெய் என்று எடுத்துக்கொண்டு வந்தவர் அபிஷேகத்துக்கு விற்கும் நம் மலைத்தேனையும் மூன்று பாட்டிலில் ஊற்றி அரக்குச் சீல் வைத்து அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார். அப்பா துளிகூடப் பயப்படவில்லை, நல்லா சோதிச்சுப் பாருங்க சார், கிளாவரை மலையில எடுத்த தேனு, என் மச்சினன் கொண்டாந்து தர்றது என்று பெருமையாகச் சொல்லியனுப்பினார். இப்போது சென்னையிலிருந்து ரிசல்ட் வந்துவிட்டது. தேன் கொஞ்சம்தானாம், மீதியெல்லாம் வெல்லப்பாகாம். சுத்தமான மலைத்தேன் என்று லேபிள் ஒட்டி விற்றதற்கு அப்பா மேல் கேஸ். இருந்த பாட்டிலையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

எப்படித் தெரியாமல் போயிற்று என்று ஊர் கேட்கிறது. சாமி மேல் ஊற்றப்போகிற தேனை நம் வீட்டில் யாரும் நாக்கில் வைப்பதில்லை, மூடியைத் திறந்து மோந்துகூடப் பார்ப்பதில்லை. எனக்கு இருமல் வந்தபோதுகூட உன் அப்பா வேறு கடையில்தான் தேன் வாங்கி வந்தார். வாங்கிப் போகிறவர்களும் அபிஷேகம் முடிந்து பாலும் பழமும் கலந்த பிறகுதான் வாயில் வைப்பார்கள், அதில் என்ன ருசி தெரியும். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் என் கூடப்பிறந்த சேனாதிபதி, உன் மாமன், மலையிலிருந்து வரும் தேனைப் பாலசமுத்திரத்தில் தன் வீட்டில் இறக்கி அதில் பாகைக் கலந்திருக்கிறான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்துவிட்டான் பாவி. அபராதம் போனால் போகட்டும், இத்தனை பேர் கையால் சாமிக்குப் பாகை ஊற்ற வைத்துவிட்டோமே என்றுதான் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

முந்தாநாள் வெள்ளனே பஸ் ஏறிப் போய் அவன் வாசலில் நின்று கேட்டேன். ஊர்ல யாருதான்க்கா கலக்கலை என்று முதலில் சிரித்தான். நான் விடவில்லை. அப்புறம்தான் சொன்னான், நீ என்னமோ பெருசாப் பேசுற, உம் மக போன வருசமே கண்டுபிடிச்சுட்டா, அவளே சும்மா இருந்தா, ஒனக்கென்ன என்று. வீட்டுப் பூஜைக்கு என்று இங்கிருந்து நீ கொண்டுபோன பாட்டிலை மாப்பிள்ளை தோசைக்குத் தொட்டுத் தின்றுவிட்டு இது வெல்லப்பாகு என்றாராமே, நீ மாமனுக்கு எழுதிக் கேட்டாயாமே. மச்சானுக்குத் தெரிஞ்சா குடும்பம் ரெண்டாப் போயிரும், இனிமே கலக்கமாட்டேன் என்று அவன் பதில் எழுதினானாம், நீயும் பேசாமல் இருந்துவிட்டாயாம். இல்லை என்று நீ சொல்வாய் என்றுதான் பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் மாப்பிள்ளை தோசைக்குத் தேன் தொட்டுக்கொள்வது அவனுக்கு எப்படித் தெரியும்? தம்பி செய்த துரோகத்துக்கு அழுதேன், அது அன்றைக்கே தீர்ந்தது. உன்னை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை. ஒரு வரி எங்களுக்கு எழுதியிருந்தால் அன்றைக்கே கடையில் தேனை நிறுத்தியிருப்போமே.

என் தம்பிதான் கலந்தான் என்று நான் கோர்ட்டில் சாட்சி சொல்லப்போகிறேன். உன் விஷயத்தை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. தமயந்தி மட்டும் பக்கத்துல இருந்திருந்தா இந்தக் கேவலம் நமக்கு வந்திருக்காது, அவ கண்டுபிடிச்சுச் சொல்லிருப்பா என்று தினமும் சொல்கிறார், நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

நீ தீர்க்க சுமங்கலியாக, பிள்ளைகுட்டியோடு நன்றாக இரு. அடுத்த மாதம் வாய்தா. தான் தப்பிக்க மாமன் உன் பெயரைக் கட்டாயம் இழுப்பான். அதை அப்பா கூண்டில் நின்று கேட்கக் கூடாது. அதற்கு முன்னால் நீயே அவருக்கு எழுதிவிடு.

இப்படிக்கு
உன் அம்மா
சண்முகவள்ளி