மஞ்சள் பூசிய கல்

திருவேற்காடு
12.3.1994

அன்புள்ள லோகநாதன் அண்ணனுக்கு,

தங்கை பூங்காவனம் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ஓசூர்க் குளிருக்கு உன் இருமல் எப்படி இருக்கிறது?

புது வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. எங்கே தெரியுமா? நீ மேஸ்திரியாக இருந்த முலாம் கம்பெனி இருந்த அதே இடம்! ஷெட்டுகளை இடித்து, கெட்ட மண்ணையெல்லாம் அள்ளிவிட்டுப் புது மண் கொட்டி, கூவத்தங்கரை முழுக்கப் புங்கமும் வேம்பும் நட்டிருக்கிறார்கள். உள்ளே வண்டி விடுவதில்லை. ஸ்கூட்டரை முகப்பில் நிறுத்திவிட்டு எல்லோரும் நடக்க வேண்டும். உன் மாப்பிள்ளை முனகிக்கொண்டே நடக்கிறார், தொப்பை குறைந்திருக்கிறது.

பழைய கரையம்மன் கல்லை மட்டும் எடுக்க விடவில்லை. கட்டட வேலை நடக்கும்போதே, எங்கள் தெரு முத்தம்மாள் அக்காவோடு பெண்களெல்லாம் போய் மறித்து உட்கார்ந்தோம். இஞ்சினியர் பாதையை வளைத்து, அம்மனைச் சுற்றிப் பூங்கா போட்டுவிட்டார். பக்கத்திலேயே அடிபம்பு. என் மகள் வசந்தா முழுகாமல் இருக்கிறாள். காலையில் முதல் சொம்பு தீர்த்தம் அவளுக்குத்தான்.

வந்து பாரேன். எப்போது கூப்பிட்டாலும் ஒரு சாக்கு சொல்கிறாய்.

உன் தங்கை,
பூங்காவனம்


ஓசூர்
21.3.1994

அன்புத் தங்கைக்கு,

வீடு அமைந்ததில் சந்தோஷம். அடிபம்புத் தண்ணீர் உடம்புக்கு ஆகாது. லாரித் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். வசந்தாவுக்கு அந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அண்ணன் சொல்கிறேன், கேள்.

லோகநாதன்


திருவேற்காடு
9.4.1994

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை முத்தம்மாள் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "இன்னாடி, ஓசூர் போனதும் உங்க அண்ணாத்தைக்கு சாமியெல்லாம் மறந்துபூட்ச்சா? அந்தக் கல்லை நட்டதே அவருதானே! நான் கம்பெனில பெருக்கிக்கினு இருந்தப்போ என் கண்ணால பாத்தேன்" என்கிறாள். நீயா நட்டாய்? என்னிடம்கூடச் சொல்லவில்லையே! எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவெல்லாம் சொல்லிவிட்டேன்.

தண்ணீரில் லேசாக ஒரு வாடை, அவ்வளவுதான். எலுமிச்சை பிழிந்தால் போய்விடுகிறது. வசந்தாவுக்கு வாந்தி நிற்கவில்லை. மசக்கைதானே.

பூங்காவனம்


ஓசூர்
15.4.1994

பூங்காவனம்,

படித்ததும் ஓடிப்போய் அந்தப் பம்பை நிறுத்து. வசந்தாவைப் பெரிய டாக்டரிடம் காட்டு. மற்றதைப் பிறகு படி.

அது அம்மன் இல்லை. எண்பத்து மூன்றில், ஆயுத பூஜையன்று, ஆட்கள் பொரி வாங்கிக்கொண்டு போன பிறகு, முலாம் தொட்டிக் கசடை நாற்பது பீப்பாயில் அங்கே புதைத்தோம். முதலாளி சொன்னார், நான் செய்தேன். அடுப்புக்கு மண் எடுக்க ஜனங்கள் அங்கேதான் வருவார்கள். தோண்டிவிடுவார்களோ என்று பயம். பூஜையில் மிஞ்சிய மஞ்சளைக் குழைத்து ஒரு கருங்கல்லில் பூசி மேலே நட்டேன். சாமி இருந்தால் நம் ஜனங்கள் கடப்பாரை போடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் மறித்ததால் இஞ்சினியரும் அந்த இடத்து மண்ணை மட்டும் அள்ளியிருக்க மாட்டார்.

போன கடிதத்திலேயே இதை எழுதியிருக்க வேண்டும். என் பெயர் கெடுமே என்று பயந்து, லாரித் தண்ணீர் குடி என்று எழுதினேன். அந்த இருபத்தைந்து நாளும் அந்தப் பிள்ளை குடித்தாளே. புதைத்ததைவிட அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

லோகநாதன்


திருவேற்காடு
2.5.1994

அண்ணனுக்கு,

பம்பின் கைப்பிடியைக் கழற்றியாயிற்று. தண்ணீரைச் சோதனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். குழந்தைக்குத் துடிப்பு இருக்கிறதாம். மற்றதெல்லாம் பிறந்த பிறகுதான் தெரியும் என்கிறார் டாக்டர். வசந்தா லாரித் தண்ணீரையும் முகர்ந்து பார்த்துத்தான் குடிக்கிறாள்.

கல்லைத் தொட ஒருவரும் வரவில்லை. "வாணாண்டி, கண்ணு பூடும்" என்று முத்தம்மாள் அக்கா அழுதாள். நீ நட்டதை நானே பிடுங்கினேன். பொங்கல் வைத்த அதே கையால். முழங்கால் ஆழத்தில் ஒரு பீப்பாய் தெரிந்தது, துருப்பிடித்து ஓட்டையாக. மற்றவை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

நீ வந்து இடத்தைக் காட்ட வேண்டும். குடியிருப்போர் சங்கத்தில் உன் பெயரைச் சொல்லிவிட்டேன். உள்ளே வண்டி வராது, முகப்பில் இறங்கி நடந்துதான் வர வேண்டும். எல்லா வாசலிலும் ஜனங்கள் நிற்பார்கள். என் வீடு வழியில்தான் இருக்கிறது. நானும் வாசலில் நிற்பேன், உள்ளே கூப்பிட மாட்டேன்.

வெயில் கடுமை. குடிக்கத் தண்ணீர் நீயே கொண்டு வந்துவிடு.

பூங்காவனம்