பாட்டை அவள் வாயிலிருந்து பிடுங்கிவிட்டார்கள்

அன்பு யோசேப்பு அண்ணை,

வன்னியில் சண்டை முடிந்த இந்த வருசம்தான் நீங்களும் கண்ணை மூடினீர்கள். டென்மார்க்கின் ஹேர்னிங்கில் நாம் வேலை செய்த தையல் ஆலையைப் பூட்டி, இயந்திரங்களை லொறியில் ஏற்றியதும் இதே வருசம். எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள்.

உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவில் நடந்ததை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாடு. உங்கள் மகன் றொபின் திரையைக் கட்டி, "அப்பாக்குப் பிடிச்ச படம்" என்றான். அந்தக் கறுப்பு வெள்ளை ஸ்பானியப் பாட்டுப் படம். அதன் சொந்தக் குரலோடு முழுதாகப் போடச் சொல்லி ஆஸ்பத்திரியில் அவனிடமும் என்னிடமும் கேட்டீர்களே.

ஆற்றங்கரையில் துணி துவைத்தபடி அந்தப் பெண் வாய் திறந்தாள். வந்தது சென்னைச் சினிமாப் பாட்டு. அவளைத் துண்டு துண்டாக வெட்டி, இடையிடையே உங்கள் கலியாணப் படங்களை ஒட்டியிருந்தான்.

அந்த இயக்குநர் அவளை வெட்டவே மாட்டாரே, அண்ணை. பாட்டு முடியும்வரை கமரா அசையாது. துணி அடிக்கிற சத்தம்தான் தாளம். ஞாயிறுகளில் சோபாவில் எனக்குப் பக்கத்தில் இருந்து, கீழே ஓடும் டேனிஷ் எழுத்தைத் தமிழாக்கி என் காதுக்குள் சொல்லுவீர்கள். "பாரடா, பாட்டுக்காக அவள் வேலையை விடேல்லை. இது ஸ்பானியாவில அவங்கட உள்நாட்டுச் சண்டைக்கு முன்னம் எடுத்தது. சண்டை முடிஞ்சாப் பிறகு வந்த படங்களைப் பார். சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. எல்லாற்ற கையிலயும் விசிறி. ஒருத்தருக்கும் பசியில்லை."

நான் எழும்பிப் போய் வயரை இழுத்தேன்.

"ரோலி, அங்கிள்," என்று றொபின் டேனிஷில் அமைதியாய் இருக்கச் சொன்னான். "பழைய சத்தம் இரையுது. சனத்துக்கு விளங்காது. எங்கட பாட்டெண்டா அழுவினம்."

"கொப்பருக்கு அழ ஸ்பானியாக்காரியின்ர வாயை ஏன்ரா பொத்தினனி?"

சனம் சிரித்தது. "நல்ல எடிற்றிங் தம்பி" என்றபடி ஒருவர் தட்டிலிருந்து இன்னொரு ரோல்ஸ் எடுத்தார். அவன் வயரைத் திரும்பக் கொளுவினான். அழுதார்கள்தான், அண்ணை. அதுதான் எனக்கு அருவருப்பு. உங்களுக்கா அழுதார்கள், அந்தப் பாட்டுக்கா?

தொலைக்காட்சியில் போனபோது நீங்கள் பதிந்து தந்த கசற் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஆண்டுப் பூசைக்கு அதை முழுதாகப் போடுவேன். நீங்கள் காதுக்குள் சொன்ன தமிழ் ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. படம் ஓட ஓட நானே சொல்லுவேன். ஆனால் யாருக்கு? ஞாயிறுகளில் நம்மோடு இருந்து பார்த்த சூசையும் செத்து, மேலே உங்களிடமே வந்துவிட்டான். போன மாசம் மரியதாசும் போய்விட்டார்.

இப்படிக்கு,
அந்தச் சோபாவில் மிஞ்சியிருக்கும் உங்கள் தம்பி,
செபமாலை