நீ நம்பி விழுங்கிய குளிசை

மச்சான்,

நேற்று கல்முனையில் பாமசிக்காரர் வாயுக் குளிசை ஒன்றைக் கையில் தந்து, "சப்பி விழுங்குங்க காக்கா" என்று தம்பிபோலச் சொன்னார். வாயில் போட்டதும் அந்தப் புதினா வாசம் ஏறியது. கடை வாசலிலேயே ஓங்காளித்துத் துப்பினேன். குளிசையில் ஒரு பிழையுமில்லை. எனக்கு என்னை நினைத்துத்தான் குமட்டியது.

கட்டாரில் நம் அறையில் இந்தப் பக்கத்து ஆட்கள் நாம் இருவர்தான். நீ அட்டாளைச்சேனை, நான் கல்முனை. உனக்கு அரபு வராது, எனக்கு வரும். கிழமைக் கணக்கில் தூக்கமில்லாமல், சோறும் இறங்காமல் கிடந்தவன், நீயாகவே கேட்டாய்: "என்னை டொக்டர்ட்டக் கூட்டிப் போ மச்சான். விடியாமலே போனா நல்லமெண்டு இரிக்கி. அப்பிடியே அவருக்கு அரபில செல்லு. வெக்கப்படாமச் செல்லு."

நம் தொழிலாளர் கேம்ப் சுவரில் மனம் திறந்து பேசச் சொல்லி நாலு பாஷையில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதில் தமிழ் இல்லை. அதை நம்பிப் பேசிய பக்கத்து அறைக்காரனை ஒரே கிழமையில் விமானம் ஏற்றினார்கள். "விசரன், பைத்தியம்" என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். த்தூ!

டொக்டர் நல்ல மனிதர். நீ கதைக்கக் கதைக்க உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அரபில் சொன்னது இதுதான்: நெஞ்செரிவு, வாயு, அதனால் தூக்கமில்லை. அவர் விடவில்லை. மனதில் ஏதும் கவலையா என்று உன்னிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார். உன்னிடம் கேட்காமலே இல்லை என்றேன். உன்னைக் காப்பாற்றுகிறேனாம்! உன்னையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தது உண்மை. விசரனோடு திரிகிறவன் என்று என்னையும் சேர்த்துச் சிரிப்பார்களே என்று பயந்ததும் உண்மை.

வெளியே வந்து என் கையைப் பிடித்தாய். "எல்லாத்தையும் சென்னதுல நெஞ்சுப் பாரம் குறைஞ்ச மாதிரி இரிக்கிடா."

உன் கவலைக்கு மருந்து என்று நம்பி, அவர் எழுதித் தந்த புதினா வாச வாயுக் குளிசையை பிஸ்மி சொல்லி மூன்று வேளையும் விழுங்கினாய். ஒரு மாதம் போனதும் மனம் பொறுக்காமல், வேறொரு டொக்டரிடம் போவோமா என்று கேட்டேன். "எல்லாத்தையும் செல்லித் தந்த மருந்தே கேக்கல்ல. இனி எவன் என்னத்தச் செய்யப் போறான்?" என்றாய். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த கிழமை பட்டப்பகலில் பெரிய பாதையைக் கடக்கும்போது உன்னை லொறி அடித்தது. விபத்து என்று எழுதினார்கள். நீ காணவில்லையா, கண்டும் நடந்தாயா என்று யாரும் கேட்கவில்லை. மறுநாளே உன் கட்டிலில் வேறொருவன் படுத்திருந்தான்.

ஊருக்கு வந்ததும் உன் வீட்டுக்குப் போனேன். இத்தாத் துக்க நாட்களில் இருந்த உன் மனைவி திரைக்குப் பின்னால் நின்று கேட்டாள்: "டொக்டர்ட்ட எல்லாத்தையும் சென்னீங்களா காக்கா?"

"ஓம், எல்லாம் சென்னன்" என்றேன்.

அவள் அழுதாள். "அல்லாஹ் உங்களுக்கு ரஹ்மத் செய்யட்டும். நீங்களாவது அவரோட இருந்தீங்க."

உன் பிள்ளைகள் இரண்டும் தொழுதுவிட்டு உனக்குத் துஆக் கேட்கும்போது, அடுத்ததாக என் பெயரையும் சொல்லிக் கேட்கிறார்களாம். நிறுத்தச் சொல்வதானால் அவர்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். இன்னும் நான் சொல்லவில்லை.