காலத்தை வென்ற பத்து

9 ஜனவரி 2000, ஞாயிறு

ஆறு மணிக்கு டிவியில் ‘காலத்தை வென்ற பத்து’. வாரத்துக்கு ஒரு விஷயம். உலகம் உண்டானதிலிருந்து இன்றுவரை அதில் எது பெரிசு, எது அடுத்தது என்று நாலு பேர் மேடையில் கத்துவார்கள். கடைசியில் நடுவர் பத்து இடம் போட்டுக் கொடுப்பார். இன்று சாப்பாட்டு வகை. டிவியை விட எங்கள் கூடத்தில்தான் கத்தல் ஜாஸ்தி. இவர், இவரோடு பட்டிமன்றத்துக்குப் போகும் சடையன், இவர் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் இரண்டு பேர். முதலிடம் இட்லிக்கா கொழுக்கட்டைக்கா என்று அடித்துக்கொள்ளாத குறை. பேசப் பேசத் தின்றது நான் போட்ட போண்டா. அதற்கு எத்தனையாவது இடம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கரண்டியோடு வந்து நின்று, "கூழை உட்டுட்டாங்களே. எத்தினி ஜனத்துக்கு உசுரு குடுத்தது" என்றேன். இவர் சடையன் பக்கம் திரும்பி, "கேட்டியாய்யா, அம்மா தீர்ப்பு சொல்லிட்டாங்க. டிவிய நிறுத்திடலாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து அரைத்த சட்னியில் நான் உப்பே போடவில்லை. அதையும் வழித்துத் தின்றார்கள்.

2 பிப்ரவரி

மெட்ராஸிலிருந்து ஃபோன். இவரையே அந்த நிகழ்ச்சியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். தலைப்பு, கண்டுபிடிப்புகள். இவர் குக்கருக்குப் பேசப் போகிறாராம். கல்யாணம் ஆனதிலிருந்து குக்கர் மூடியைக் கையால் தொட்டதில்லை! நல்ல சட்டையாகப் பார்த்து இஸ்திரி போட்டு வைத்தேன். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

20 பிப்ரவரி, ஞாயிறு

பக்கத்து வீட்டுப் பொன்னி, எதிர்வீட்டுக்காரர்கள், எல்லாரும் நம் கூடத்தில்தான். திரையில் இவரைப் பார்த்ததும் பொன்னி கை தட்டினாள்.

இவர் சொன்னது: "நடுவர் அவர்களே! குக்கரு மூணு விசில்ல வெந்துடுது. எங்க வீட்டம்மா பத்தாவது பரீட்ச மூணு தடவ எழுதியும் வேகலிங்க!"

அங்கே அரங்கமே குலுங்கியது. நடுவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இங்கே பொன்னிதான் முதலில் சிரித்தாள். என்னைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குக்கருக்கு மூன்றாவது இடம் கிடைத்தது.

நாலாவது தடவை எழுதிப் பாஸ் பண்ணினேனே, அது? பெண் பார்க்க வந்த அன்று அந்த மார்க் ஷீட்டைக் கையில் வாங்கிப் பார்த்த மனுஷன்தானே நீ? தெரிஞ்சிதானே முழுங்கின?

23 பிப்ரவரி

தேரடி வீதிக்குக் காய் வாங்கப் போனேன். சைக்கிள் கடை வாசலில் நின்ற பசங்கள் மூன்று விசில் அடித்தான்கள். திரும்பிப் பார்த்தேன். எல்லாப் பயல்களும் கோயிலுக்குப் பின்னால் தெரியும் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்கள். கத்திரிக்காய் வாங்காமலேயே வந்துவிட்டேன்.

25 பிப்ரவரி

இவரிடம் சொன்னேன்.

"தமாஷுக்கு சொன்னதுக்கெல்லாம் மூஞ்சிய தூக்கினா எப்பிடி ராஜம்மா? நாலாவது தடவ, அஞ்சாவது தடவன்னு கணக்கு சொல்லிகினு இருந்தா மேடை படுத்துடும்."

"டிவில சொன்னத டிவிலயே மாத்தி சொல்லுங்க. ராஜம்மா பாஸுன்னு. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"அதுக்கு மெட்ராஸ்காரன் இன்னொரு வாட்டி கூப்புடணுமே" என்று சொல்லிச் சிரித்தார்.

சிரி. நல்லா சிரி. அந்த நாக்கு இழுத்துக்கிட்டுப் போகட்டும்.

16 ஏப்ரல், ஞாயிறு

இழுத்துக்கொண்டது.

மாதம் பிறந்த மூன்றாம் நாள், வகுப்பில் பாடம் நடத்தும்போது பக்கவாதம். வலது கை, வலது கால், வாய். வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு இன்றுதான் வீட்டுக்கு வந்தோம். எங்கள் பெண் ஓவியா வேலூர் ஹாஸ்டலில் இருந்து படிப்பதால் கூடவே இருந்தாள், குழந்தை அழுது அழுது முகம் வீங்கிவிட்டது.

நான் சொன்னதாலா? நான் சொன்னதெல்லாம் பலிக்கும் என்றால் என் நாத்தனார் எப்போதோ போயிருக்க வேண்டும். அதெல்லாம் ஒன்றும் இல்லை. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போடு போடு என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டாரா?

22 ஏப்ரல்

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் வந்தாள். கீதாஞ்சலி என்று பெயர். சின்னப் பெண், ஆனால் விவரமானவள். "அவருக்கு எல்லாம் புரியுதுங்க. வார்த்தைதான் வாய்க்கு வரல. அவருக்குப் புடிச்ச விஷயமா பேசுங்க. இதுக்கு பதில் சொல்லியே ஆவணும்னு அவருக்குத் தோணணும். கோவம் வந்தாலும் நல்லதுதான்" என்றாள்.

நல்லதுதானா? சரியாகக் காதில் விழுந்ததா என்று இன்னொரு தடவை கேட்டு வைத்துக்கொண்டேன்.

மாடி ரூமில் வாடகைக்கு இருக்கும் வெள்ளைக்காரி, சட்டையில் ‘மௌனம்’ என்று அட்டை குத்திக்கொண்டு ஆசிரமத்துக்குப் போய்வருகிறாள். பேசாமல் இருப்பதற்கு ப்ளேன் ஏறி வந்திருக்கிறாள். கீழே இறங்கி வந்து பாரம்மா, இங்கே ஒருத்தர் செலவே இல்லாமல் இருக்கிறார்.

30 ஏப்ரல், ஞாயிறு

நாற்காலியில் உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, டிவியைப் போட்டேன். இன்று கலைகள். இசைக்கா சிற்பத்துக்கா என்று அடிதடி. ஒன்பதாவது இடம் பேச்சுக்கலைக்கு.

ஜன்னல் வழியாக மலை தெரிந்தது. அதைப் பார்த்துக் கும்பிட்டு ஆரம்பித்தேன். "நடுவர் அவர்களே! வாய வெச்சிப் பொழைக்கறதெல்லாம் ஒரு கலைங்களா? பொண்டாட்டிய வித்து கைதட்டல் வாங்கறதுக்கு ஒம்பதாவது எடம் ஜாஸ்தி இல்லீங்களா? எதிரணித் தலைவர் ஏன் கம்முனு ஒக்காந்துகினு இருக்காரு? பாயிண்ட் இல்லீங்களா, ஐயா?"

கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. துண்டால் துடைத்துவிட்டு, தீர்ப்பு எனக்குத்தான் என்று சொன்னேன். அப்புறம் இட்லி ஊட்டினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கும் நன்றாகப் பசித்தது.

7 மே, ஞாயிறு

வாகனங்கள். நான் ஜெயித்தேன்.

14 மே, ஞாயிறு

தொழில்கள். வாத்தியாருக்கு இரண்டாவது இடம் கொடுத்தார்கள். "பாஸான பொண்ண பெயிலுன்னு சொல்ற வாத்தியாருக்கு இன்னா எடம்ங்க? பத்துக்குள்ளயே வரக்கூடாது" என்றேன்.

இடது கையால் டம்ளரைத் தட்டிவிட்டார். வாய் கோணிக்கொண்டு, "கெ... டாது" என்றார்.

கெடயாது! ஆறு வாரத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. அதுவும் என்னை மறுத்து. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. சிந்திய பாலைத் துடைக்காமல் நின்றுகொண்டிருந்தேன். பொன்னி ஓடி வந்தாள். "பேசிப் பேசியே கொண்டாந்துட்டீங்கக்கா. உங்க பொறுமை எனக்கு வராதும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

18 ஜூன், ஞாயிறு

இப்போது நிறையவே பேசுகிறார். ஆனால் மற்றவர்களுக்கு வெறும் முனகல்தான். கீதாஞ்சலிக்கே பாதி பிடிபடுவதில்லை. எனக்கு மட்டும் ஒன்று விடாமல் புரிகிறது. பதினெட்டு வருஷமாக இந்த வாயைக் கேட்ட காது.

ஓவியா வந்திருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்னைக் காட்டி ஏதோ சொல்லப் பார்த்தார். மூச்சு வாங்க வாங்க மறுபடி மறுபடி அதையே சொன்னார்.

"என்னம்மா சொல்றாரு?"

அவர் சொன்னது இது: ஒங்கம்மா என்னை வார்த்தையால கொல்றா, என்னை இங்கேருந்து கூட்டிட்டுப் போ.

நான், "அம்மா நல்லா பாத்துக்கறா, நீ கவலப்படாம படிப்ப பாருன்றாரு" என்றேன்.

ஓவியா என்னைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். "நீ இல்லன்னா அப்பா இல்லம்மா. நீ தெய்வம்மா." அவள் தோளுக்கு மேலே அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கண்ணைத் திருப்பிக்கொண்டது அவர்தான்.

10 செப்டம்பர், ஞாயிறு

சடையன் வந்தார். அந்த டிவிக்காரர்கள் வருஷக் கடைசிக்காக ஊர் ஊராக வருகிறார்களாம். முன்பு பேசியவர்களை வீட்டிலேயே பார்த்து, ‘எல்லாக் காலத்துக்கும் எல்லாத்திலயும் பெரிசு எது’ என்று கேட்டு ஒரே ஒரு நிமிஷம் படம் பிடிப்பார்களாம். "வாத்தியாரால முடியுங்களா?" என்று என்னைக் கேட்டார். வாத்தியார் இடது கையால் நாற்காலியைத் தட்டிக்கொண்டே அழுதார். வேணும், வேணும் என்று.

சடையன் போனதும் முன்னால் போய் உட்கார்ந்தேன். "தினம் ஒக்காந்து சொல்லித்தரேன். ஆனா அன்னிக்கி சொன்னத அதே டிவில மாத்தி சொல்லணும். ராஜம்மா பாஸ், நான்தான் மறைச்சேன். அத்த சொல்றதா இருந்தா ஆரம்பிக்கலாம். இல்லன்னா நீங்களாச்சு உங்க நாக்காச்சு."

ரொம்ப நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையை என் தலையில் வைத்தார்.

8 அக்டோபர்

‘பா’ வருகிறது. ‘ஸ்’ வரவில்லை. நாளைக்கும் பார்ப்போம்.

12 நவம்பர், ஞாயிறு

காலையிலேயே கேமரா, லைட்டு, நாலு பேர். ஓவியாவும் வந்திருந்தாள். சடையன் வேட்டி கட்டிவிட்டார். நான் நெற்றிக்கு விபூதி வைத்துவிட்டேன். பொன்னி வாசல் வரைக்கும் ஜனத்தைச் சேர்த்துவிட்டாள்.

கேள்வி கேட்ட பையன் மைக்கை நீட்டினான். இவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்துச் சொன்னார். ஏமாற்றவில்லை. ஒரு வார்த்தை விடாமல் முழுசாகச் சொன்னார். ராஜம்மா பத்தாவது பாஸ். நான்தான் மறைச்சேன். தப்பு. அந்தத் ‘தப்பு’ நான் சொல்லிக் கொடுக்காதது, அவராகச் சேர்த்தது.

அந்தப் பையன் சிரித்த முகமாகவே, "ஐயா என்ன சொல்றாருங்கம்மா?" என்று மைக்கை என் பக்கம் திருப்பினான்.

ஒருத்தருக்கும் புரியவில்லை. சடையனுக்கு இல்லை, ஓவியாவுக்கு இல்லை. இத்தனை நாள் இதை நான் யோசிக்கவே இல்லையே, எப்படி யோசிக்காமல் போனேன்? எனக்குக் கேட்டால் ஊருக்கே கேட்டுவிடும் என்று இருந்துவிட்டேனே.

வேறு வழி? சொன்னேன். "நான்... நான் பத்தாவது பாஸ் பண்ணிட்டேன்னு சொல்றாரு."

முதலில் கேமராக்காரன்தான் சிரித்தான். அப்புறம் எல்லாரும். "எல்லாக் காலத்துக்கும் பெரிசு அதுதானாம்மா?" என்று அந்தப் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "அய்யாவ விட நீங்க சூப்பரா தமாஷ் பண்றீங்க."

"இல்லப்பா, நெஜமாவே அதான் சொன்னாரு. தப்புன்னும் சொன்னாரு." நான் பேசப் பேசச் சிரிப்பு ஏறிக்கொண்டே போனது. இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் அந்தச் சிரிப்பைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கோணல் வாயில் லேசாக ஒரு சிரிப்பு.

31 டிசம்பர், ஞாயிறு

ஒளிபரப்பினார்கள். நான் சொன்ன இடத்தில் இன்னும் பத்து பேர் சிரிக்கிற மாதிரி சத்தம் சேர்த்திருந்தார்கள்.

முடிந்ததும் ஓவியா ஹாஸ்டலிலிருந்து ஃபோன் பண்ணினாள். "அம்மா, அப்பா நெஜமாவே அதையாம்மா சொன்னாரு?"

"சாமி சத்தியமா சொன்னாருடி."

"அப்ப ஜூன்ல சொன்னாரே, நீ நல்லா பாத்துக்கறேன்னு... அதுவும் இப்பிடித்தானா?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பே பற்றவைக்கவில்லை.

21 ஜனவரி 2001

பொங்கல் கழிந்ததிலிருந்து பேச்சு தெளிந்துகொண்டே வருகிறது. பால்காரருக்கும் புரிகிறது. கீதாஞ்சலி, இது முழுக்க உங்க உழைப்புங்க என்றாள். இன்று ஓவியாவிடம் ஃபோனில் அவரே பேசினார். என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. ரிசீவரை என்னிடம் கொடுக்கும் முன்பே அவள் வைத்துவிட்டாள்.

4 மார்ச் 2001, ஞாயிறு

செங்கம் ரோடு கல்யாண மண்டபத்தில் சடையன் பட்டிமன்றம் வைத்தார், காலை பத்து மணிக்கு. ‘எல்லாக் காலத்துக்கும் பெரிய செல்வம் எது?’ கல்வியா, உறவா, ஆரோக்கியமா. இவர் மறுபடி மேடையேறுகிறார் என்று ஊரே வந்திருந்தது. ஓவியாவும் வந்தாள், அவள் அப்பாவின் நண்பர்களோடு உட்கார்ந்தாள். நான் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் இருந்தேன். கைத்தடியோடு இவர் மைக் முன்னால் வந்ததும் கைதட்டல் ஓயவே இல்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"நடுவர் அவர்களே! எனக்கு வாய் வர்ல. டிவிக்காரன் மைக்க நீட்றான். எனக்குப் பதிலா எங்க வீட்டம்மா பேசறாங்க. இன்னா பேசினாங்க? அவங்க பத்தாவது பாஸாம்! அத்த நான் சொன்னனாம்!"

இங்கே நிறுத்தினார். எங்கே நிறுத்தவேண்டும் என்று அந்த வாய்க்கு எப்போதும் தெரியும். மெதுவாக நெஞ்சில் கை வைத்தார்.

"நானாய்யா சொன்னேன்? வாய் இல்லாதவன் மேல இப்பிடியா பழி போடறது?"

மண்டபம் இடிந்து விழுந்துவிடும்போல இருந்தது. சடையன் மேஜையைக் குத்திக் குத்திச் சிரித்தார். ஓவியாவும் சிரித்தாள். என்னைப் பார்த்தபடியே சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து இலை போட்டேன். சாம்பார் சாதம் முடிகிற வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. கேட்டுவிட்டேன். "அன்னிக்கி நீங்க சொன்னீங்களா இல்லீங்களா?"

மென்று முழுங்கினார். "சொன்னேன். யார் இல்லன்னது?" என்றார், இப்போது ஒவ்வொரு வார்த்தையும் திருத்தமாக. "ஆனா அன்னிக்கி நெஜத்த சொல்லிப் பாத்தேன் ராஜம்மா. அத்தனை பேர்ல ஒருத்தனாவது கை தட்டினானா?"

நான் ஏதோ சொன்னேன்போல.

"இன்னா முணுமுணுக்கற?"

"ஒண்ணுமில்லீங்க" என்று மோர் ஊற்றினேன்.