பழனியாண்டியின் பிள்ளைகள்

சுங்கைப் பட்டாணி

அன்பு மகள் சாந்தினிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த வெலிங்டன் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகம். அம்மாவையும் சேர்த்து அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. தொலைபேசியில் பேசினால் அவள் காதில் விழும் என்பதால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். வரிசை போட்டுக்கொள்ளாவிட்டால் எனக்கு ஏதாவது விட்டுப்போகும், ஆகவே முதலில் சுருக்கம்.

1. அம்மா இனித் தேறமாட்டாள்.
2. உன் மாமாவைப் பெயரை வைத்துத் தேடியதில் பயனில்லை.
3. வேறொருவரை அம்மா தன் தம்பி என்று நம்பிவிட்டாள்.
4. நீ செய்ய வேண்டியது.

அம்மாவுக்கு இரத்தச் சுத்திகரிப்பை நிறுத்திவிட்டார்கள். இதயம் தாங்காது, இனி அலைக்கழிக்காமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எனக்குப் புரியும்படி சொன்னார். கூடத்தில் கட்டில் போட்டிருக்கிறேன். கஞ்சி இரண்டு கரண்டி இறங்கினால் அன்று நல்ல நாள். கால் வீக்கம் வடியவில்லை. நான் சரியாகத்தான் பார்த்துக்கொள்கிறேனா என்ற சந்தேகம் எனக்கு ஓயாமல் இருக்கிறது.

மாமா விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும். பக்கத்து வீட்டுப் பாப்பம்மா போனபோது கூலிம் ஊரிலிருந்து அவள் அண்ணன் தம்பிகள் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வந்து, அதை அவள்மேல் போர்த்திய பிறகுதான் எடுத்தார்கள். அம்மா சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எனக்கு யாருங்க இருக்கா, வெறும் ஆளாத்தான் போகணும்போல என்றாள். அழவில்லை. அதுதான் என்னை உலுக்கிவிட்டது. அவள் பிறந்த வீட்டில் மிச்சம் ஒரே தம்பி வீராசாமி. செர்டாங் பக்கத்து எஸ்டேட்டில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டபோது வேலை தேடிச் சிங்கப்பூர் போனவர். அங்கிருந்து ஒரு முறை ஆள் மூலம் சொல்லி அனுப்பினார், அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

குடும்பப் பெயரை வைத்துத் தேடுங்கள் அப்பா, இங்கே எல்லாரும் அப்படித்தான் தேடுகிறார்கள் என்று நீ சொன்னாய். அம்மாவின் அப்பா பெயர் பழனியாண்டி என்பதால், அந்தப் பெயரில் இருப்பவர்களின் பக்கம் ஒன்றையும் கைப்பேசியில் அனுப்பினாய். பள்ளி நூலகத்தைப் பல காலம் பார்த்துக்கொண்டவன் நான், எனக்கே அப்போது உறைக்கவில்லை. அலோர் ஸ்டார் ஆவணக் காப்பகத்துக்குப் பேருந்தில் போய் வந்தேன், இங்குள்ள நூலகத்தின் அட்டவணையிலும் பழனியாண்டி என்ற பெயரின் கீழ் வந்த அத்தனையையும் எழுதினேன். ஒரு பல் மருத்துவர், தொழிற்சங்கச் செயலாளர், ஆண்டு மலருக்குக் கவிதை எழுதிய ஆசிரியை, எல்லாரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். விசாரித்தால் ஒருவருக்கு ஒருவர் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நூலகத்தில் இருக்கும் தலீலா என்ற பெண்தான் பொறுக்கமாட்டாமல், அங்கிள், எங்க அத்தா பேரு ஜைனல், அத வச்சுத் தேடுனா பாதி கெடா மாநிலமும் எனக்கு அண்ணன் தம்பிதான் லா, நீங்க எத்தன பேரோட அப்பாவத் தேடப் போறீங்க என்றாள். சிரித்துவிட்டேன், ஆனால் வெட்கமாக இருந்தது. உன்னை அங்கே அலுவலகத்தில் என் பெயரைப் போட்டு மிஸ் தெய்வநாயகம் என்கிறார்கள் என்று நீயே சொல்லிச் சிரித்தாயே, அதே கதைதான். நமக்குக் குடும்பப் பெயர் ஏது, அப்பா பெயர்தானே. மாமாவுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் வீராசாமி என்ற பெயரின் கீழ் இருப்பார்கள். அங்கேயும் பார்த்தேன். அது கடல்.

அந்தக் கடலுக்குள் போகுமுன் ஒரே ஒருவர் பொருந்தினார். புக்கிட் செலம்பாவ் கோயில் கும்பாபிஷேக மலரில் திருப்பணிக் குழுவில் வீராசாமி, தகப்பனார் பழனியாண்டி என்றிருந்தது. கோயில் முகவரிக்கு எழுதினேன். பத்து நாள் கழித்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வாசலிலேயே, எனக்கு எழுத வராது சார், அதான் நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன், நீங்க தேடுற ஆளு நான் இல்ல, எங்கப்பாரு செர்டாங் பக்கமே போனதில்ல என்றார். எஸ்டேட்டில் லாரி ஓட்டியவர். இதைச் சொல்ல அவ்வளவு தூரம் வெயிலில் வந்திருக்கிறாரே என்று உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். கட்டிலிலிருந்து அம்மா, யாரு, வீராசாமியா என்று கேட்டாள். அந்த மனிதர் பெயரைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, ஆமாக்கா, வீராசாமிதான் என்றார். அம்மா கையை நீட்டினாள். வந்துட்டியாப்பா என்றாள். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சாப்பிட்டீங்களாக்கா என்று கேட்டார். இப்போது ஞாயிறுதோறும் வருகிறார். போன வாரம் கோலா கெடாவிலிருந்து மீன் வாங்கி வந்து, அக்காவுக்கு ரசம் மாதிரி வச்சுக் குடுங்க சார், முள்ளு இருக்கு பாத்து என்றார். போகும்போது என்னைத் தனியாக அழைத்து, பொய் சொல்ற மாதிரி இருக்கு சார், ஆனா வராம இருக்கவும் முடியல என்றார். எனக்கும் அதே நிலைதான். சாகப்போகிறவளை ஏமாற்றுகிறோம் என்ற நினைப்பு என்னை அரிக்கிறது, எடுத்துச் சொல்லவும் நாக்கு எழவில்லை.

நீ செய்ய வேண்டியது இரண்டு. அம்மா தொலைபேசியில் மாமா வந்தான் என்று சொன்னால் மறுத்துப் பேசாதே, சந்தோஷம் அம்மா என்று மட்டும் சொல். அடுத்தது, விடுமுறை வரட்டும் என்று காத்திருக்காதே. உண்மையான மாமா இனிக் கிடைக்கமாட்டார், நான் தேடுவதை நிறுத்திவிட்டேன். நீயாவது வந்து சேர்.

பயணத்தில் மாத்திரைகளைக் கைப்பையில் வைத்துக்கொள். கிளம்பும் முன் வீட்டில் ஹீட்டரை அணைத்தாயா என்று பார். மாப்பிள்ளையையும் உன்னையும் எல்லாத் தெய்வங்களும் காக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா
கு. தெய்வநாயகம்

பி.கு. கையெழுத்துப் போட்டுவிட்டு, சாந்தினிக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். இவ்வளவு நேரமா யாரப் பத்தி எழுதுனீங்க என்றாள். மாமாவைப் பற்றி என்றேன். கொஞ்சம் சிரித்தாள். அது எந்தம்பின்னு நான் எப்ப சொன்னேன், எந்தம்பி ஒரு நாளாவது என்னை அக்கான்னு கூப்பிட்டிருப்பானா, ஏய் பிரேமான்னுதான் கத்துவான், இந்த மனுசன் வாய்க்கு வாய் அக்காங்கிறாரு, அதுலயே தெரிஞ்சுபோச்சு, நீங்க ரெண்டு பேரும் முழிச்ச முழிய பாத்துட்டு நான் என்னத்தச் சொல்ல என்றாள். மூச்சு வாங்கியது, தண்ணீர் கொடுத்தேன். பிறகு, நல்ல மனுசன், கூப்பிட்டுச் சொல்லி வைங்க, நாம்போனா சேலைய அவரு போத்தட்டும் என்றாள்.

சாந்தினிம்மா, இவ்வளவையும் திருத்தி எழுத எனக்குத் தெம்பில்லை. மேலே வரிசை போட்ட நான்கில் முதலாவதுதான் தவறாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். தவறாகிப்போனது மூன்றாவது.